கரிவலத்து நரை: ஒரு முதற்கட்ட ஆய்வறிக்கை

ஆய்வுக்களம்: தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் உள்ள கரிவலம்வந்தநல்லூர். பஸ்ஸில் ஏறுபவர்களுக்குச் சுருக்கமாகக் கரிவலம். ஆய்வுப்பொருள்: ஆண்களின் தலைநரை.

களத்தேர்வுக்குத் தக்க காரணம் உண்டு. இவ்வூர்க் கோயிலில் சுவாமி பால்வண்ணநாதர், அம்மன் ஒப்பனை அம்பாள். வெண்மைக்கு ஒரு சன்னிதி, அலங்காரத்துக்கு ஒரு சன்னிதி என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிற ஊரில், நாற்பதைத் தாண்டிய ஆண்களும் இரண்டு கட்சியாக நிற்பதில் வியப்பில்லை. வந்த நரையை வந்தபடி விட்டவர்கள் பால்வண்ணக் கட்சி. மாதம் தவறாமல் டை அடிப்பவர்கள் ஒப்பனைக் கட்சி. ஆவணித் தபசுக் கூட்டத்தில் ஓரமாக நின்று பார்த்தால் இரண்டு கட்சியின் பலமும் தெரிந்துவிடும்.

அளவுகோல்: நரையை அளக்கக் கண்ணாடி உதவாது, அதன் முன் நிற்பவர் வெளிச்சத்தைத் தனக்குத் தோதாக அமைத்துக்கொள்கிறார். எனவே பஸ் கண்டக்டரின் விளிப்பெயரே இவ்வாய்வில் அலகாகக் கொள்ளப்பட்டது. தம்பி, அண்ணே, அண்ணாச்சி, ஐயா, பெரியவரே என ஐந்து படிகள். ஒரு சிக்கல் உண்டு. மளிகைக் கடை வைத்திருப்பவர் இருபத்தைந்து வயதிலேயே அண்ணாச்சி ஆகிவிடுவதால், வணிகர்களை மாதிரியிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று.

இனி, நரை வரும் வழி. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி உண்டு. ஒவ்வொன்றின் வேர்ப்பையிலும் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் செல்கள் இருக்கின்றன. ஒரு முடி சில ஆண்டுகள் வளர்ந்து உதிரும். அதே பையில் அடுத்தது முளைக்கும். ஒவ்வொரு முளைப்புக்கும் புதிய நிறச்செல்கள் வேண்டும். அவை அங்கேயே சேமிப்பில் இருக்கும் மூலச்செல்களிலிருந்து வருகின்றன. ரேஷன் கடையில் இருப்புத் தீர்ந்த மாதிரி அந்தச் சேமிப்பு ஒருநாள் தீரும். அப்புறம் முளைப்பது வெள்ளை. சாம்பல் நிறம் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் வரும் தோற்றம்தான்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் உடனே கிடைக்கின்றன. “ஒன்றைப் பிடுங்கினால் ஒன்பது முளைக்கும்” என்ற வழக்கு செல்லாது. ஒரு பையில் நடப்பது பக்கத்துப் பைக்குத் தெரியாது. ஒரே இரவில் தலை முழுக்க வெளுத்தது என்ற கதையும் செல்லாது. வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது, அதன் நிறம் உள்ளிருந்து மாற வழியில்லை. 1793-இல் தலை வெட்டப்பட்ட பிரான்ஸ் அரசி மரீ அந்துவானெத்தைப் பற்றி அப்படியொரு கதை உலவுகிறது. கரிவலத்தில் அதே கதை மகளுக்கு நகை எடுத்தவர்களைப் பற்றி உலவுகிறது.

முன்னாய்வுகளில் முதலிடம் பிசிராந்தையாருக்கே. அவரும் பாண்டிநாட்டுக்காரர். வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் புறநானூற்றின் 191-ஆம் பாட்டில் காரணங்களை அடுக்கியிருக்கிறார்: குணமுள்ள மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், சொன்னதைச் செய்யும் ஏவலர், முறை தவறாத அரசன், ஊரில் அடக்கமான சான்றோர். மாதிரி எண்ணிக்கை ஒன்று. அந்த ஒருவரும் ஆய்வாளரே. ஆனாலும் முடிவு அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதாக இல்லை. 2020-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யா சியே சூ குழுவினர் எலிகளுக்கு மன அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பு நுனிகள் கக்கிய நார்அட்ரினலின், சேமிப்பிலிருந்த நிற மூலச்செல்களையெல்லாம் ஒரே மூச்சில் கிளப்பிவிட்டுத் தீர்த்துவிட்டது. எலி வெளுத்தது. 2021-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பிக்கார்டு குழு மனித முடியை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தபோது, விடுமுறைக்குப் போய்வந்த ஒருவருக்கு நரைத்த முடி மறுபடி கறுத்து வளர்ந்தது தெரிந்தது. மொத்தம் ஐந்து முடி. குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் லீவு கேட்பவர்கள் இதை மனுவோடு இணைக்கலாம்.

எல்லாப் பழியையும் மன அழுத்தத்தின் மேல் போடவும் முடியாது. நரைக்கும் வயதில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு, ஐ.ஆர்.எஃப்.4 என்ற மரபணுவுக்கும் நரைக்கும் உள்ள தொடர்பு 2016-இல் வெளியானது. ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன் வந்தால்தான் மருத்துவர்கள் அதை இளநரை என்கிறார்கள். ஊரில் பித்தநரை என்று தீர்ப்பெழுதி, கரிசலாங்கண்ணித் தைலத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒப்பனைக் கட்சியின் செயல்முறை சலூனில் நேரில் கவனிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை. கழுத்தைச் சுற்றித் துணி. நெற்றியோரத்திலும் காதுமடலிலும் வாசலின். பிளாஸ்டிக் கிண்ணத்தில் கறுப்புக் குழம்பு. கையில் பழைய டூத் பிரஷ்.

“மீசைக்கு மட்டுமா அண்ணாச்சி, தலைக்கும் சேத்தா?”

“ரெண்டுக்கும் அடிச்சிருடே. சாயங்காலம் மாப்பிள்ள வீட்டுக்காரவுக வாராவ.”

குழம்பின் சரக்கு பாராபினைலின்டயமின். சிறிய மூலக்கூறாக முடிக்குள் நுழையும். ஆக்சிஜன் ஏற்றதும் உள்ளேயே பெரிதாகிக் கறுத்து, திரும்பி வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். 1907-இல் பாரிஸில் யூஜின் ஷுல்லர் என்ற வேதியியலாளர் இந்த வகைச் சாயத்தைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். லொரியால் கம்பெனி அதிலிருந்து வளர்ந்தது. சிலருக்கு இது ஒவ்வாது: அரிக்கும், முகம் வீங்கும். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுத் தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லிப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலமே வருகிறார்கள். நெற்றியில் வழிந்த கறை மட்டும் பிரச்சினையில்லை. தோலின் மேலடுக்கு உதிர உதிரச் சில நாளில் தானே போய்விடும்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே டை அடித்த பதினைந்தாம் நாள் வகிடு நெடுக அரை சென்டிமீட்டர் பால்வண்ணம் தெரியும். கண்டக்டர் “அண்ணே”யிலிருந்து “ஐயா”வுக்கு நேரே தாவுவது இந்த இடைவெளியில்தான்.

எதிர்த்திசையிலும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. சின்ன வயசுப் பையன் நீதி சொல்வானா என்று வழக்காட வந்த முதியவர்கள் தயங்கியதால், கரிகாலன் நரைமுடி சூடி வந்து தீர்ப்புச் சொன்னான் என்பது பழமொழி நானூறு காட்டும் செய்தி. வெள்ளைக்கு மாற ஒப்பனை செய்தவர் நம் வரலாற்றில் அவர் ஒருவராகவே இருக்கக்கூடும்.

மேலாய்வுக்குரிய தலைப்புகள் மூன்று. ஒன்று, தலைக்கும் மீசைக்கும் அடிப்பவர்கள் காதுமுடியை ஏன் விட்டுவிடுகிறார்கள். இரண்டு, ஆதார் அட்டைப் படத்துக்கும் ஆளுக்கும் இடையே நிற வேறுபாடு எவ்வளவு வரை அனுமதிக்கத்தக்கது. மூன்று, பணிஓய்வு பெற்ற மறுமாதமே பால்வண்ணக் கட்சிக்குப் போய்விட்டு, மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் ஒப்பனைக் கட்சிக்குத் திரும்புகிறவர்கள் மீது 1985-ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயுமா என்பது.