கடலைக் காக்கும் மோட்டார் சைக்கிள்

கடல் வழியாக யாராவது புகுந்துவிட்டால் என்ன செய்வது என்று மத்திய அரசு 2005-லேயே யோசித்துவிட்டது. கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் கட்டத்தில் 73 காவல் நிலையங்கள், 204 படகுகள். கூடவே 153 ஜீப், 312 மோட்டார் சைக்கிள். ஆக, சக்கரம் வைத்தவை 465. வருகிறவன் கரையேறித் தார்ச்சாலையைப் பிடிக்கும்வரை பொறுத்திருப்போம் என்பது வியூகம் போலும்.

2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதிகள் பத்துப் பேர் மும்பை கொலாபாவில் மீனவர் குடியிருப்புப் பக்கம் ரப்பர் படகில் வந்து சேர்ந்தார்கள். யார் நீங்கள் என்று கேட்டவர்கள் மீனவர்கள்தாம். அவர்களுக்கு ஜீப்பும் இல்லை, பயணப்படியும் இல்லை.

பிறகு பிடித்தது பாருங்கள், படகுப் பஞ்சாயத்து! படகு மத்திய அரசு கொடுத்தது, ஓட்டும் ஆள் மாநிலத்துடையவர். டீசலுக்கும் பழுதுபார்க்கவும் ஐந்து வருடத்துக்கு டில்லி பணம் தருவதாக ஏற்பாடு இருந்தது. ஆறாம் வருடம்? மாநிலம் டில்லியைப் பார்க்கும், டில்லி மாநிலத்தைப் பார்க்கும், காவலர் டீசல் முள்ளைப் பார்ப்பார். படகு ரோந்து போகவில்லையே என்று தணிக்கைத் துறை எழுதும். அந்தக் கோப்பு மட்டும் எரிபொருளே இல்லாமல் மேசை மேசையாகப் போகும்.

60 படகுத்துறைகளுக்கு அனுமதி கிடைத்ததோ 2011-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில். படகென்றால் கட்டிவைக்க இடம் வேண்டுமே என்று இடையில் எந்தப் புண்ணியவானுக்கோ தோன்றியிருக்கிறது. அதே பட்டியலில் மேலும் 242 மோட்டார் சைக்கிள்.