இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது

கேள்வி: "கையை மடக்குறது எலும்பா, தசையா?" என்று என் ஏழு வயது மகன் கேட்கிறான். படம் போட்டுக் காட்டியும் புரியவில்லை. எப்படிச் சொல்வது?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: படத்தை மூடி வையுங்கள். கறிக்கடையில் விரலோடு இருக்கும் கோழிக்கால் ஒன்று வாங்கி வாருங்கள். வெட்டிய இடத்தில் வெள்ளை நூல் போலத் தெரிவதுதான் தசைநாண், தசையை எலும்போடு கட்டும் கயிறு. அதை இழுக்கச் சொல்லுங்கள். செத்த கோழி விரலை மடக்கும்! பையன் ஒரு கத்து கத்துவான். அப்புறம் அதைக் கீழே வைக்க மாட்டான். பொம்மலாட்டக்காரர் நூலை இழுத்தால் பொம்மை கை தூக்குகிறதே, அதே வேலைதான்.

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் அது ஜோடி போட்டு உழைக்கிறது. மேற்கையின் முன்பக்கத் தசை சுருங்கினால் கை மடங்கும். மடங்கியதை நீட்ட, பின்பக்கத் தசை சுருங்க வேண்டும்.

அடுத்து, முழங்கைக்குக் கீழே அவன் கையை அவனே பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பார்க்கட்டும். உள்ளே ஏதோ நெளியும். விரலை மடக்கும் பெரிய தசைகள் குடியிருப்பது அங்கேதான்! இதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்குப் பாடம் மறக்காது. பெரியவர் உடம்பில் 206 எலும்பு என்ற கணக்கைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

கோழிக்காலைத் தொட்ட கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவ வையுங்கள், அம்மா.