அநாவசியமான ஒன்பதரைக் கிலோமீட்டர்

பால்மா, மயோர்க்கா,
ஸ்பெயின்.

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது: "மலைமேல போக தார் ரோடு இருக்கு, கார் வாடகைக்குக் கிடைக்குது, கையில காசும் இருக்கு. அப்புறம் எதுக்குடா அந்த வெள்ளைக்காரனுங்க நாக்குத் தள்ள சைக்கிள் மிதிக்கிறானுங்க? வேண்டுதலா?" வாட்ஸாப்பில் பதில் போட்டால் சிரிப்புப் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு மறந்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை உயரம் என்பதாலோ கடல் நீலம் என்பதாலோ இந்தத் தீவுக்குச் சைக்கிள்காரர்கள் வரவில்லை. இங்கே அநாவசியமான சாலைகள் நிறைய இருக்கின்றன, அதற்காக வருகிறார்கள்.

மத்தியதரைக் கடலில் இருக்கும் இந்தத் தீவின் வடமேற்குக் கரையோரமாக டிரமுந்தானா என்றொரு மலைத்தொடர், சுமார் 90 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. உச்சி 1,400 மீட்டர் சொச்சம். ஏற்காட்டுக்குப் பங்காளி என்று சொல்லலாம், ஊட்டி வந்தால் எழுந்து நின்றாக வேண்டும். இந்த மலையில் சா கலோப்ரா என்ற கடற்கரைக்கு இறங்கும் சாலைதான் உலகப் பிரசித்தம். 1932இல் அந்தோனியோ பரியேத்தி என்ற எஞ்சினியர் போட்டது. கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயில் தொடங்கி, 26 கொண்டை ஊசி வளைவுகளில் நெளிந்து, ஒன்பதரைக் கிலோமீட்டரில் கடலில் போய் முட்டிக்கொள்கிறது. அங்கே சந்தை உண்டா? இல்லை. தாலுகா ஆபீஸ், ரயிலடி, நெல் மண்டி? எதுவும் இல்லை. பாறைகளுக்கு நடுவே ஓர் ஓடை வந்து கடலில் விழுகிறது, அதைச் சுற்றுலாப் பயணிகள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அந்த மனிதர் சுரங்கம் குடையாமல், மேலே வெட்டிய கல்லைக் கீழே பள்ளத்தில் கொட்டி, மலையைத் துளி நோகாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். ஓரிடத்தில் வளைக்க மலை போதவில்லை. சாலை 270 பாகை திரும்பி, பாலமாகி, தன் காலுக்கடியிலேயே தான் நுழைந்து போகிறது. அதற்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் டை முடிச்சு. சராசரிச் சரிவு நூற்றுக்கு ஏழு. அதாவது நூறு மீட்டர் உருட்டினால் ஏழு மீட்டர் ஏறுவீர்கள், மூச்சு மட்டும் அதைவிடக் கொஞ்சம் மேலே ஏறும். நம் ஊரில் முதலில் கஷ்டப்பட்டு ஏறுவோம், தரிசனம் முடிந்து ஹாயாக இறங்குவோம். இங்கே தலைகீழ். முதலில் ஜம்மென்று இறங்கி, கடலைப் பார்த்து, காபி குடித்து, அப்புறம் வந்த வழியே ஏறித் தீர வேண்டும். கைமாத்து வாங்கி விருந்து தின்றவன் நிலைமைதான்.

இது ஒன்றுதானா என்பீர்கள். ஃபோர்மெந்தோர் முனைக்குப் போகும் சாலையையும் அதே பரியேத்திதான் போட்டார். அது ஒரு கலங்கரை விளக்கத்தோடு முடிந்துவிடுகிறது. ஃபெலானிச் ஊருக்குப் பக்கத்தில் சான் சல்வதோர் என்று 500 மீட்டர் குன்று. உச்சியில் பழைய மடமும் மாதா கோயிலும் இருக்கின்றன. ஐந்து கிலோமீட்டர் ஏறினால் அங்கேயே சாலை தீர்ந்துபோகிறது. ராண்டா குன்றும் அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டு ஞானி ரமோன் யுய் தனிமை தேடிப் போன இடம். தனிமை தேடியவருக்குப் பின்னாலேயே இப்போது நாற்பது பேர் இறுக்கமான சட்டையில் போகிறார்கள். ஆனால் என் கட்சிக்கு நல்ல சாட்சி ஸோயேர் கணவாய். தலைநகர் பால்மாவிலிருந்து ஸோயேர் பள்ளத்தாக்குக்குப் போக ஒரு காலத்தில் மோட்டார் எல்லாம் அந்தக் கணவாயின் வளைவுகளில்தான் முக்கி முனகி ஏறியாக வேண்டும். 1997இல் மலைக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்தார்கள். 2017 கடைசியில் சுங்கத்தையும் எடுத்துவிட்டார்கள். காரும் லாரியும் சுரங்கத்துக்குள் போய்விட்டன, சைக்கிளுக்கு உள்ளே அனுமதி இல்லை. மேலே பழைய சாலை அப்படியே நல்ல தாரோடு, ஆளில்லாமல், வேலை ஓய்ந்த வாத்தியார் மாதிரி கிடக்கிறது. மலை மாறவில்லை, வளைவு மாறவில்லை. அவசியம் போயிற்று, சைக்கிள் வந்தது.

சாலை மட்டுமல்ல, வண்டியும் அநாவசியமாக இருக்க வேண்டும் மாமா. இவர்கள் ஓட்டும் சைக்கிளை நீங்கள் பார்த்தால் யாரோ திருடன் பாதியைக் கழற்றிப் போய்விட்டான் என்றே நினைப்பீர்கள். கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை, செயின் கவர் இல்லை. இறங்கினால் சுவரில்தான் சாய்க்க வேண்டும். ஏழு கிலோ எடை, விலை லட்சங்களில். எது எது இல்லையோ அதற்கெல்லாம் காசு. இதில் ஒரு பால் கேனை மாட்ட முடியாது, நூல் மூட்டை கட்ட முடியாது, அத்தையைப் பின்னால் உட்கார வைத்து மார்க்கெட்டுக்குப் போக முடியாது. காற்று தடுக்கக்கூடாது என்று காலில் இருக்கும் முடியையும் மழித்துவிடுகிறார்கள். (நாம் தலையை மழிக்கிறோம். இதில் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?) எடை குறைக்க இத்தனை பாடுபட்டவர்கள், லுக் என்ற மடத்துக்குப் பக்கத்துக் கணவாயில் இருக்கும் ஒரு பெட்ரோல் பங்க்கில் வரிசையாக நின்று கேக் தின்கிறார்கள். பெட்ரோல் போடாத வண்டிகள் இத்தனை கூடும் பெட்ரோல் பங்க் வேறெங்கும் இருக்காது. எந்ஸைமாதா என்று நத்தைச் சுருளாக ஒரு பன்னும் இந்தத் தீவில் பிரபலம். அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், கிருத்திகை விரதக்காரர்களுக்கு ஆகாது.

"எல்லாம் பணக்கொழுப்பு" என்று நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். பாதி சரி. காசில்லாதவன் விமானம் ஏறி வந்து மலை மிதிக்க மாட்டான். ஆனால் காசு மட்டும் காரணம் என்றால், அந்தக் காசுக்கு சுகமான காரியங்கள் இந்தத் தீவிலேயே எத்தனையோ இருக்கின்றன. கோடையில் கூட்டம் அதற்குத்தான் வருகிறது, மணலில் மல்லாந்து படுக்க. பிப்ரவரி முதல் மே வரை, குளிக்க ஆளில்லாமல் ஓட்டல்கள் ஈயோட்டும் மாதங்களில்தான் சைக்கிள்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். காலமும் அநாவசியமான காலம்தான், பாருங்கள். இன்னொன்றும் நீங்கள் சொல்லலாம்: "அங்கே சட்டம் ஒழுங்காக இருக்கு, அதனால ஓட்டுறான்." சட்டம் இருக்கிறது. சைக்கிளைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும், இருவர் பக்கம் பக்கமாக ஓட்டலாம். ஆனால் அவசர வேலையாகப் போகிற உள்ளூர்க்காரன் இங்கேயும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பின்னால் வருகிறான். சா கலோப்ராவுக்கே பத்து மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் இறங்க ஆரம்பித்துவிடும். விஷயம் தெரிந்தவர்கள் அதற்குள் ஏறி முடித்துவிடுவார்கள். ஃபோர்மெந்தோர் சாலையிலோ கோடையில் பகல் வேளை தனியார் கார்களை நிறுத்தியே வைக்கிறார்கள். சாலை அநாவசியமாக இருப்பது அத்தனை சுலபமல்ல, காவல் போட்டுக் காக்க வேண்டியிருக்கிறது. நம் சென்னைக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சைக்கிள் ஓட்டுவதன் ரகசியமும் இதுதான். அந்த நேரத்தில் அந்தச் சாலை யாருக்கும் வேண்டாம்.

இப்போது நம் ஊர் திருத்தணிக்கு வருவோம். நகரி மலை மூக்கை நீட்டிக்கொண்டு எதிரே நிற்கிறது, மலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அநாவசியமான சாலை ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். திருப்பதி ரோடு ஏழுமலையானுக்குப் போகிறது, சும்மா இருக்குமா? அரக்கோணம் ரோட்டில் ரயில் பிடிக்கிறவன் பறக்கிறான். பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் போனால் தறிக்குப் போகிற நூலும் தறியிலிருந்து வருகிற புடவையும் பஸ்ஸோடு பஸ்ஸாக வருகின்றன. அங்கே சைக்கிள் மிதித்தவன் கடன் வாங்கியாவது ஒரு மொபெட் வாங்கினான், அவனிடம் போய் உடம்புக்கு நல்லது, மறுபடி மிதி என்று சொல்ல எனக்கு வாய் வராது. மலைமேல் கோயிலுக்குப் போகும் வாகனப்பாதை முட்டிக்கொண்டு நிற்கும் பாதைதான், இங்கே இருப்பவை போலவே. ஆனால் மேலே இருப்பவர் முருகன். கிருத்திகை அன்று அந்தப் பாதையில் கார் வரிசையைப் பார்த்தவர்கள் அதை அநாவசியம் என்று சொல்வார்களா?

ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம். வாகனப்பாதை வந்த நாளிலிருந்து சரவணப் பொய்கைப் பக்கமிருந்து ஏறும் 365 படிகளும் யாருக்கும் அவசியமில்லை. ஸோயேர் கணவாய்க்கு நேர்ந்ததுதான் அவற்றுக்கும் நேர்ந்தது. புல் முளைத்திருக்க வேண்டும், முளைக்கவில்லை. திருமலைக்கு 1944இலேயே மோட்டார் பாதை திறந்துவிட்டார்கள், அலிபிரியில் இன்றும் ஜனங்கள் 3,550 படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிறார்கள். நம் மலையில் டிசம்பர் 31 இரவு படித் திருவிழா. படிக்குப் படி கற்பூரம், படிக்கு ஒரு திருப்புகழ். ஜனவரி முதல் தேதி வெள்ளைக்கார துரைகளைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல ஓடியவர்களைத் தணிகைத் துரையிடம் திருப்பிவிட, நூறு வருஷத்துக்கு முன் வள்ளிமலை சுவாமிகள் ஆரம்பித்து வைத்தது என்பார்கள். நமக்கு பக்தி, இவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு, இரண்டையும் ஒன்றாக்காதே என்று நீங்கள் கோபித்தால் ஒப்புக்கொள்கிறேன். இவர்கள் உச்சியில் கைகூப்புவதில்லை, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நான் சொல்வது பாதையைப் பற்றி மட்டும்தான்.

வரும் டிசம்பர் 31 இரவும் நீங்கள் படியேறப் போவீர்கள். நூறாவது படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவீர்கள். "பேசாம கார்லயே போயிருக்கலாம்" என்று அத்தை சொல்வார்கள். அப்போது நீங்கள் அத்தைக்கு என்ன பதில் சொல்கிறீர்களோ, அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். இங்கே மூச்சு வாங்க நிற்பவர்களிடம் கேட்டால் ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்.