தொட்டால் ஆறு மாதம்

புங்குடுதீவு மடத்துவெளியில் குறிகட்டுவான் பஸ்ஸுக்குக் காத்து நின்றால் கராத்தே மாமாவை நீங்கள் தேட வேண்டியதில்லை. அவரே வந்து பக்கத்தில் குந்துவார். தீவுப்பகுதியில் ஊருக்கொருவர் இப்படி உண்டு. வேலணையில் ஒரு பெயர், நெடுந்தீவில் இன்னொரு பெயர், ஆள் ஒன்றுதான். சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார், சண்டைக்கல்ல, காற்றுக்கு. அவர் யாருக்கும் அடித்ததை ஊரில் ஒருவரும் கண்டதில்லை. அவருடைய புகழுக்கு அதுதான் அத்திவாரம்.

“நான் கை வைக்கிறதில்லை தம்பி. வைச்சனெண்டால் பிறகு கேஸ்.”

கறுப்புப் பட்டி எடுத்தவன் இரண்டு கையையும் துவக்குப் பதிகிற மாதிரிப் பொலிசில் பதியவேண்டும் என்பது அவருடைய சட்ட அறிவு. அவருடைய கை எந்தப் பொலிசில் பதிந்திருக்கிறது என்று கேட்டால், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்.

“கராத்தே ஆற்றை சாமான்? எங்கடை சாமான்! காஞ்சிபுரத்திலை இருந்து போதிதர்மர் கொண்டு போனவர்.” 2011இல் ‘7ஆம் அறிவு’ வந்ததோடு இந்த வழக்குக்குச் சூர்யாவும் சாட்சியாகிவிட்டார். போதிதர்மரைப் பற்றி 547 அளவில் எழுதிய சீனர் அவரைப் பாரசீகத்துத் துறவி என்கிறார். வேறொருவர் தென்னிந்தியர் என்கிறார். இரண்டு பேரும் ஒரு குத்தைக்கூட அவர் கணக்கில் எழுதவில்லை. அவரைச் சாவோலின் பயிற்சியோடு முடிச்சுப்போட்ட நூல் வந்தது 1624இல், ஆயிரம் வருடம் கழித்து. கராத்தேயோ ஒக்கினாவாவில் வளர்ந்து, 1922இல் ஃபுனகோஷி கிச்சின் தோக்கியோவில் செய்து காட்டிய பிறகுதான் ஜப்பான் முழுக்கப் பரவியது. இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன்.

“சீனாக்காரன் உண்மை சொல்லுவானே?” என்றார். வழக்கு முடிந்தது.

ஏன் பழகினார் என்பதற்குக் கேட்கிற ஆளைப் பார்த்துத்தான் பதில் வரும். பெடியளுக்கு ‘என்டர் தி டிராகன்’. கிழவர்மாருக்கு, பள்ளிக்கூடத்தில் தன் சாப்பாட்டைப் பறித்துத் தின்ற ஒரு தடியன். பெண்பிள்ளைகள் நின்றால் தற்காப்பு, தன்னடக்கம், யோகம். எனக்கு ஒருநாள் மட்டும் வேறொன்று சொன்னார். புங்குடுதீவார் பலரைப் போல அவருடைய தகப்பனும் தெற்கில் கடை வைத்திருந்தவர். 1977 கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த உடுப்போடு வந்து இறங்கினார். மகன் அடுத்த கிழமையே கராத்தே வகுப்பில் சேர்ந்தான்.

“பழகினன்தான். ஆனால் அவங்கள் படத்திலை மாதிரி ஒராள் ஒராளாய் வாறேல்லையே தம்பி.”

அதற்குமேல் அதைப் பேசவில்லை, வர்மத்துக்குத் தாவிவிட்டார். வர்மப்புள்ளி 108, தொடுவர்மம் 96, படுவர்மம் 12. கணக்குச் சரிதான். ஆனால் கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்மாரிடம் இன்றைக்குப் போகிறவர்களில் பலர் சுளுக்கெடுக்கவும் எலும்பு கட்டவும் போகிறவர்கள். மாமாவுக்கு எலும்பில் அக்கறை இல்லை. “ஒரு இடம் இருக்கு. தொட்டால் ஆறு மாதத்திலை ஆள் சரி. தொட்டதும் தெரியாது, செத்ததும் தெரியாது.” புரூஸ் லீயையும் 1973இல் இப்படித்தான் யாரோ தொட்டார்களாம். மூளை வீங்கிச் செத்தார், வலிமாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் விசாரணையில் வந்தது. ஆனால் மாத்திரையில் என்ன கதை இருக்கிறது?

இந்த வியாபாரத்துக்கு அமெரிக்காவிலும் ஒரு மாமா இருந்தார். சிக்காகோவில் கவுண்ட் டான்டே என்று பெயர் வைத்துக்கொண்டு, உலகத்திலேயே ஆபத்தான மனிதன் தானே என்று சித்திரக்கதைப் புத்தகங்களில் விளம்பரம் போட்டு, கொல்லும் தொடுகையைத் தபாலில் விற்றவர். 1975இல் வயிற்றுப்புண்ணில் இரத்தம் போய்ச் செத்தார். நம்முடைய மாமா இதைக் கேட்டதும் தலையை ஆட்டினார். “பார்த்தியே, ஆரோ தொட்டிருக்கிறான்.”

போன ஆடி விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து அவருடைய மருமகன் முறைப் பெடியன் வந்திருந்தான். பன்னிரண்டு வயது, டேக்வாண்டோவில் பச்சைப் பட்டி. சங்கக்கடை வாசலில் எல்லோரும் பார்க்கக் கையைக் கட்டி நின்று, “என்னைத் தொடுங்கோ மாமா” என்றான்.

மாமா ஒரு கணம் அவனை அளந்தார். “தொடலாம் ராசா. ஆனால் ஆறு மாதத்திலை நீ அங்கை நிப்பாய். எனக்கு ரிசல்ட் எப்பிடித் தெரியும்?”

“வட்ஸ்அப்பிலை அம்மா சொல்லுவா மாமா.”