கைத்தொலைபேசி மன்னர்களின் படையெடுப்புகள்

மலாக்காவைப் போர்த்துகீசியர் பிடித்தது 1511, டச்சுக்காரர் பிடித்தது 1641 என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்து வளர்ந்தோம். அதற்குப் பிறகு இந்த நாட்டில் நடந்த பெரிய படையெடுப்புகள் எல்லாம் புக்கிட் பிந்தாங்கில், லோ யாட் பிளாசாவின் மின்படிக்கட்டுகளில் நடந்தன. எஸ்பிஎம் சரித்திரத் தாளில் அவற்றைப் பற்றி ஒரு மார்க்குக்குக்கூடக் கேள்வி வருவதில்லை. ஆகவே பின்வரும் வரலாற்றைப் பெற்றோர்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

ஆதியில் அரசாங்கம் இருந்தது. 1985-இல் தொலைத்தொடர்பு இலாகா ‘ஆத்தூர் 450’ என்ற சேவையைத் தொடங்கியது. சேலத்துப் பக்கம் இருக்கும் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கருவி பெரும்பாலும் காருக்குள்தான் குடியிருந்தது. வெளியே தூக்கிக்கொண்டு நடந்தவர் ஒன்று டத்தோவாக இருப்பார், இல்லையேல் டத்தோவின் டிரைவராக இருப்பார். 1989-இல் செல்கோம் வந்தது. 1995-இல் 012 என்ற எண்ணோடு மெக்சிஸ் கோதாவில் குதித்தது.

மெக்சிஸ் முதலாளியாக இருந்த ஆனந்த கிருஷ்ணன் நம்ம பேட்டைக்காரர். 1938-இல் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, அங்கேயே விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்து, ஹார்வர்டு வரை போய்த் திரும்பியவர். ‘நம்ம ஆளு’ என்ற ஒரே காரணத்துக்காக 012 எடுத்த குடும்பங்கள் உண்டு. பில் வந்த பிறகும் சொந்தம் கொண்டாடியவர்கள் கொஞ்சம் குறைவு. மனிதர் அத்தோடு நிற்கவில்லை. 2006-இல் சென்னைக்குக் கப்பல் விட்டு ஏர்செல்லையும் வாங்கினார். தோனியின் மஞ்சள் சட்டையில் ஏர்செல் என்று எழுதியிருந்ததே, அதற்குப் பின்னால் இருந்தது பிரிக்பீல்ட்ஸ் பணம். அப்புறம் ஜியோ வந்து இலவசமாக வாரி இறைத்தது. 2018-இல் ஏர்செல் திவால். இங்கே பழைய தலைகளை உருட்டியவரின் தலை அங்கே புதியவனிடம் உருண்டது. இந்த வரலாறு முழுக்க இதே கதைதான், ஆட்கள்தான் மாறுவார்கள்.

அடுத்தது நோக்கியாச் சக்கரவர்த்தியின் பொற்காலம். 2000-இல் வந்த 3310 உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல் விற்றது. துன் சம்பந்தன் சாலையில் பூ கட்டுகிறவர் கையிலும் அதுதான், அவரிடம் மாலை வாங்க வந்த வக்கீல் கையிலும் அதுதான். வித்தியாசம் காட்ட வேண்டுமென்றால் மேல்கவசத்தை மாற்ற வேண்டும். அந்தக் கவசங்களைத் தொங்கவிட்டே பசார் மாலாமில் ஒரு தலைமுறை பிழைத்தது. நடுவில் பிளாக்பெர்ரி என்று ஒரு குறுநில மன்னர் வந்தார். அவரை வைத்திருந்தவர்கள் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ‘பின்’ நம்பரைச் சொன்னார்கள். அவ்வளவுதான் அவர் ஆட்சி.

நோக்கியா விழுந்த கதை உலகறிந்தது. 2011 பிப்ரவரியில் அதன் தலைவர் ஸ்டீபன் எலோப், நாம் தீப்பிடித்த மேடைமேல் நிற்கிறோம் என்று தம் ஊழியர்களுக்கே கடிதம் எழுதினார். அரசனே கோட்டை மதில்மேல் ஏறி ‘கோட்டை அவுட்’ என்று கூவிய சம்பவம் புறநானூற்றுக் காலத்திலும் நடந்திருக்காது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலைக் கைக்கொண்டது. அடுத்த ஆண்டே வாங்கிய விலையைவிட அதிகத் தொகையை நஷ்டமாக எழுதித் தலைமுழுகியது. அந்த 2014 நவம்பரில் நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையும் மூடப்பட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையிழந்தார்கள். இந்தக் கதையில் கேலி செய்ய வராத இடம் அது ஒன்றுதான்.

நோக்கியா கைமாறிய அடுத்த மாதம், 2014 மே, ஷாவ்மி மலேசியாவில் கால் வைத்தது. 2010 ஏப்ரலில் பெய்ஜிங்கில் லெய் ஜுன் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சட்டி கூழ் குடித்துவிட்டுத் தொடங்கிய கம்பெனி. குளித்துவிட்டுக் குடித்தார்களா என்று தெரியாது. ஆனால் எம்ஐ.காம் என்ற ஓர் இணைய முகவரிக்கு 36 லட்சம் அமெரிக்க டாலர் கொட்டிக் கொடுத்தார்கள், வெளிநாட்டார் வாயில் கம்பெனிப் பெயர் நுழையவில்லை என்று. பணம் வீண்தான். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் அது சியோமி, ஜியோமி, எக்ஸ்யோமி என்று மூன்று அவதாரம் எடுத்தது. நாலாவதாக ‘அந்தச் சீனா போன்’ என்பதே நிலைத்தது.

அப்போது சிம்மாசனத்தில் சாம்சங்கும் ஆப்பிளும் இருந்தன. இரண்டின் தலைமகன்களும் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல். போன் வாங்குவது நகை வாங்குவதுபோல ஆகிவிட்டிருந்தது: கல்யாண வீட்டில் மேசைமேல் கவிழ்த்து வைத்தால்தான் வாங்கியதற்கு அர்த்தம். அந்தச் சபையில் எம்ஐ 3 வந்து நின்றது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு இருந்த அதே ஸ்னாப்டிராகன் 800 மூளை, விலை மட்டும் 889 வெள்ளி. டிவி விளம்பரமில்லை, நடிகரில்லை, கடையுமில்லை. இணையத்தில் இந்தத் தேதி, இந்த நேரம் என்று சொல்வார்கள். கதவு திறக்கும், சில நிமிடங்களில் மூடும், ‘விற்றுத் தீர்ந்தது’ என்று எழுதியிருக்கும். தலைவர் படத்தின் முதல் காட்சிக்குப் பழகிய சமுதாயத்துக்கு இந்த ஏக்கத்தைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவிலும் பிளிப்கார்ட்டில் இதே கூத்து. சரக்கே இல்லாமல் சந்தையைப் பிடித்த முதல் சாம்ராஜ்யம் இதுதான் என்பது என் துணிபு.

இணையத்தில் கிடைக்காதவன் லோ யாட்டுக்குப் போனான். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு ஜாதி உண்டு: சிரிம் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரிஜினல் செட், ஒட்டாத, சீனாவிலிருந்து நேரே இறங்கிய ஏபி செட். ஏபி செட் ஐம்பது நூறு வெள்ளி மலிவு. பெட்டியைப் பிரித்தால் தட்டைக் கால் சார்ஜர். அதற்கு மூன்று கால் அடாப்டர் ஒன்றைக் கடைக்காரத் தம்பி இழுப்பறையிலிருந்து எடுத்துப் போடுவார். போனைத் திறந்தால் முழுக்கச் சீனம், கூகுள் பிளே கிடையாது. தம்பி இரண்டு கட்டைவிரலாலும் தடதடவென்று தட்டி அதை வரவழைப்பார். பிறகு ஈரத்தாளால் ஒரு துடைப்பு, காய்ந்த தாளால் ஒரு துடைப்பு, ஸ்டிக்கரால் தூசி ஒத்தி எடுப்பு, டெம்பர்ட் கிளாஸை நடுவில் வைத்து விரலால் ஓர் அழுத்து. காற்று கலைந்து ஓரத்துக்கு ஓடும். “வாரண்டி இருக்காப்பா?” என்று கேட்டால், “கடை வாரண்டிண்ணே, ஒரு வாரம்” என்பார். வீட்டுக்கு வந்த பிறகும் மாதம் ஒருமுறை சீனத்தில் ஏதோ ஓர் அறிவிப்பு வந்து எட்டிப்பார்க்கும். எதிர்வீட்டு ஆ சோவிடம் காட்டி அர்த்தம் கேட்பது ஒற்றுமைக்கு நல்லது.

2015 ஜூலையில் அதே லோ யாட்டில் ஒரு கைபேசித் திருட்டுப் புகார் கைகலப்பாகி, இரண்டு நாள் கலவரமாகவே ஆனது. அரசாங்கம் ஆழ்ந்து யோசித்தது. போனால் வந்த பிரச்சினைக்கு மருந்தாக அந்த டிசம்பரில் பூமிபுத்ரா வணிகர்களுக்கென்று மாரா டிஜிட்டல் மால் என்ற இன்னொரு போன் கட்டடத்தைத் திறந்தது. அந்த யோசனைக்குச் சொந்தக்காரரான அமைச்சர் இஸ்மாயில் சப்ரி 2021-இல் பிரதமரும் ஆனார்.

ஷாவ்மி இணையத்தில் வித்தை காட்டிக்கொண்டிருந்தபோது, ஓப்போவும் விவோவும் தரைப்படையோடு வந்தன. ஒன்று பச்சை, ஒன்று நீலம். எதிரெதிர்க் கடைகளில் நின்று ஜென்மப் பகையாளிபோல முறைத்துக்கொள்ளும். பூர்வீகம் பார்த்தால் இரண்டும் சீனாவின் பிபிகே வீட்டுப் பிள்ளைகள். 2018-இல் ஓப்போவிலிருந்து ரியல்மீயும் தனிக்குடித்தனம் போனது. பங்காளிச் சண்டையை இவ்வளவு லாபகரமாக நடத்தியவர்கள் மகாபாரதத்திலும் இல்லை. இவர்களுடைய ஆயுதம் கடைக்காரரின் கமிஷன். சாம்சங் கேட்டு வந்தவரை, “அக்கா, அது வேணாம், இதுல செல்பி எடுத்துப் பாருங்க” என்று திருப்பிவிடுவார்கள். எடுத்துப் பார்த்தால் பியூட்டி மோட் முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கும். அந்த ஆண்டுகளின் கல்யாண ஆல்பங்களில் நம் சித்திமார்கள் எல்லாம் கொரியாவிலிருந்து வந்து இறங்கியவர்கள்போல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சாம்சங்கின் கெட்ட நேரம் 2016-இல் வந்தது: நோட் 7 தானாகத் தீப்பிடித்தது. விமானத்தில் ஏறினால் அந்தப் போனை அணைத்து வையுங்கள் என்று பெயர் சொல்லி அறிவித்தார்கள். அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். எலோப் உவமையாகச் சொன்னதை சாம்சங் செய்தே காட்டிவிட்டது. ஆனாலும் அது சாகவில்லை, பெரிய வீடு.

இன்னொரு சீனக் கம்பெனியான ஹுவாவேயின் வீழ்ச்சிக்கு வாஷிங்டனிலிருந்து ஓலை வந்தது. 2019 மே மாதம் அமெரிக்கா அதைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. இனி வரும் போன்களுக்கு கூகுள் கிடையாது. உலகமே வேவு, உளவு என்று பதறியபோது தோக்கியோவில் நம் அன்றைய பிரதமர் மகாதீர், மலேசியாவில் உளவு பார்க்க என்ன இருக்கிறது, நாங்கள் திறந்த புத்தகம், ஹுவாவேயை முடிந்தவரை பயன்படுத்துவோம் என்ற பொருளில் பேசினார். தன் நாட்டில் திருடத் தகுந்த ரகசியம் எதுவுமில்லை என்று வெளிநாட்டுச் சபையில் சொல்ல தொண்ணூற்று மூன்று வயதுத் துணிச்சல் வேண்டும். 2020 நவம்பரில் ஹுவாவே தன் பிள்ளை ஹானரை விற்றது. அந்தப் பிள்ளை கூகுளோடு திரும்பி வந்து, இப்போது பிரிக்பீல்ட்ஸ் கடைத் தூண்களில் சிரித்துக்கொண்டிருக்கிறது.

கூழ் குடித்தவர்கள் என்ன ஆனார்கள்? 2017 முடிவதற்குள் இந்தியாவில் சாம்சங்கை முந்தினார்கள். 2021-இன் இரண்டாம் காலாண்டில் ஆப்பிளைத் தள்ளி உலகில் இரண்டாம் இடம் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. 2024-இல் மின்சாரக் கார் விற்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய அல்ட்ரா போன் இன்று இங்கே ஐயாயிரம் வெள்ளிக்கு மேல். கல்யாண வீட்டு மேசைமேல் அதுவும் கவிழ்ந்து கிடக்கிறது. அண்மையில் கிள்ளானில் ஒரு பெரியவர் கடைக்குள் வந்து, எண்ணூற்றுச் சொச்சம் வெள்ளிக்கு நல்லதாக ஒன்று காட்டச் சொன்னார். கடைக்காரத் தம்பி அந்த அல்ட்ராவை ஓரமாக நகர்த்திவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்தார்.

“இது புதுசுப்பா. பேருதான் வாயில நுழையாது.”