பாகுக்குக் காய்ச்சலா?

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான கீழ்பென்னாத்தூரில் தீபாவளி என்றைக்கு என்று யாரும் விசாரிப்பதில்லை. அமாவாசை எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்றுதான் கேட்பார்கள். வெளியூர்க்காரர் காதில் விழுந்தால், ஊரே சோதிடத்தில் ஊறிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வார். விஷயம் கறி சம்பந்தப்பட்டது.

திருவண்ணாமலை, செஞ்சி, ஆரணி, வேலூர் பக்கமெல்லாம் தீபாவளி விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் இட்லியும் கறிக்குழம்பும்தான். புரட்டாசி முழுக்க முட்டையைக்கூடக் கண்ணால் பார்க்காத வீடுகள் ஐப்பசி பிறந்ததும் பசி தீர்த்துக்கொள்ளும் நேரம் அது. ஆனால் தீபாவளியை ஒட்டி வரும் அமாவாசையில் கேதார கௌரி நோன்பு. வீடு கழுவி, பாத்திரம் தேய்த்து, அதிரசம் சுட்டுப் படைக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் மோதினால் கறிதான் தோற்கும். 2024இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அமாவாசை அன்று பிற்பகலில்தான் பிறந்தது. நோன்பை மறுநாளுக்கு வைத்துக்கொண்ட வீடுகளில் அன்று காலை ஆண்கள் முகத்தில் இருந்த பக்தியை வேறு நாளில் நான் பார்த்ததில்லை. பஞ்சாங்கக்காரர் மேல் அவ்வளவு மரியாதை.

நோன்புக்கு எல்லாம் 21 கணக்கு. 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 மஞ்சள், 21 இழை சேர்த்த நோன்புக் கயிறு. சிவன் உடம்பில் பாதி வேண்டுமென்று கௌதம முனிவர் சொல்லிக்கொடுத்தபடி அம்மன் இருந்த நோன்பு இது. அந்தப் பாதியை அம்மன் வாங்கியது எங்கள் திருவண்ணாமலையில்தான் என்பது ஊர்ப் பெருமை. கார்த்திகை தீபத்தன்று மாலை, மலையில் தீபம் ஏறுவதற்குச் சற்று முன்னால், அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடம் கோயிலுக்குள்ளிருந்து வெளியே வந்து காட்சி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அம்மனுக்குப் பாதி உடம்பு கிடைத்தது. எங்கள் அம்மாவும் கல்யாணமான வருஷத்திலிருந்து தவறாமல் நோன்பு எடுக்கிறாள். அப்பாவை எழுப்பி அடுப்படியில் ஒரு முறத்தை நகர்த்தி வைக்கச் சொல்ல இன்றுவரை முடியவில்லை.

அதிரசம் எளிய இனிப்பு என்று சமையல் வீடியோக்களில் சொல்கிறார்கள். பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், எண்ணெய், அவ்வளவுதானே என்கிறார்கள். சொல்கிறவர்கள் தீபாவளி நெருங்கும் நேரத்தில் மாவு மில்லுக்குப் போயிருக்க மாட்டார்கள். அரிசியை ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், கையில் ஒட்டக்கூடாது. அந்த ஈரம் இருந்தால்தான் மாவு பாகை வாங்கும். கடையில் விற்கும் காய்ந்த மாவு பாக்கெட் இதற்கு ஆகாது. வெயிலே தேவையில்லாத பலகாரம் என்பதால் ஐப்பசி அடைமழைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. தொல்லை மில்லில்தான். ஈர அரிசிக்குத் தனி மெஷின். அதன் முன்னால் குடை, முறம், எவர்சில்வர் தூக்கு சகிதம் தெருவே நிற்கும். "இதுல முன்னாடி மொளகா அரைச்சீங்களா?" என்று ஒரு அத்தை கேட்பார். இல்லை என்று மில்காரர் சத்தியம் செய்வார். அத்தை மாவைக் கிள்ளி மோந்து பார்த்துத் தும்முவார். அதற்குமேல் வழக்கு ஆரம்பம்.

மில்லைத் தாண்டினால் பாகு. எங்கள் வீட்டில் பாகுக்கு அதிகாரி பெரியம்மா. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டி, உருண்டால் இறக்குவார். ஒரு நொடி முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். ஒரு நொடி பிந்தினால் அதைக் கடிக்கப் பல் டாக்டர் துணை வேண்டும்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பி ஒரு தீபாவளிக்கு நீளமான கம்பி வைத்த கருவி ஒன்றைக் கொண்டுவந்து பாகில் விட்டான்.

"இது இன்னாடா?"

"தெர்மாமீட்டர் பெரிம்மா."

"ஏன், பாகுக்குக் காய்ச்சலா?"

வெளிநாட்டு மிட்டாய்க்காரர்கள் சர்க்கரைப் பாகை இப்படித்தான் அளக்கிறார்கள், 112லிருந்து 116 டிகிரிக்குள் இருந்தால் உருட்டுப் பதம் என்று விளக்கினான். ஆவியில் அவன் கண்ணாடி மங்கிப்போனது. துடைத்துப் போட்டுக்கொண்டு "நூத்திப் பத்து... நூத்திப் பதினொண்ணு..." என்று படித்தான். அடுத்த எண் வருவதற்குள் பாத்திரம் தரையில் இருந்தது.

"நீ படிச்சினு இரு. நான் எறக்கிட்டேன்" என்று மாவைத் தூவிக் கிளற ஆரம்பித்துவிட்டார் பெரியம்மா. தெர்மாமீட்டர் காற்றின் சூட்டைக் காட்டிக்கொண்டு தம்பி கையில் நின்றது. இப்போது அது எங்கள் வீட்டில் குழாய் அடைப்பு எடுக்கப் பயன்படுகிறது.

கிளறிய மாவு இரண்டு நாள் மூடிக் கிடந்தால் இறுகும். பிறகு வாழை இலையில் தட்டி, எண்ணெயில் விட்டு, இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்திப் பிழிந்து எடுப்பார்கள். ஒன்று பிரிந்துவிட்டால் குற்றவாளிகள் வரிசையாக வருவார்கள்: வெல்லக் கடைக்காரர், மில்காரர், கடைசியில் அந்த நேரம் பார்த்துக் கறிவேப்பிலை கேட்டு வந்த எதிர்வீட்டு அக்கா. சுட்டவர் பெயர் மட்டும் பட்டியலில் இருக்காது. படைக்கும்வரை யாரும் வாயில் வைக்கக்கூடாது என்பது சட்டம். எண்ணெயில் பிரிந்த தூளுக்கு முழு அதிரசத்தைவிட ருசி அதிகம் என்பது என் கட்சி.

படைத்த பிறகு தட்டுப் போக்குவரத்து. நாங்கள் கொடுப்பதும் அதிரசம், வருவதும் அதிரசம். மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தால் தெருவிலுள்ள எல்லா வீட்டு அதிரசமும் இருக்கும், எங்களுடையது இருக்காது. தடிமனாக, நடுவில் வேகாமல் இருப்பது யார் வீட்டுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சொல்ல மாட்டோம். அவர்களும் எங்களுடையதைப் பற்றிச் சொல்வதில்லை. தெரு அமைதியாக இருப்பது இப்படித்தான். இத்தனையும் வயிற்றுக்குள் போகும் என்று தெரிந்தே சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் போட்டு லேகியமும் அதே அடுப்பில் கிண்டி வைத்திருப்பார்கள். குற்றம் செய்வதற்கு முன்பே ஜாமீன்.

  

கார்த்திகைக்குப் பாகு இன்னொரு வேலை கேட்கும். பொரி உருண்டைக்கு உருட்டுப் பதம் போதாது. தண்ணீரில் விட்டு எடுத்த பாகைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். நெல்பொரி, பொட்டுக்கடலை, தேங்காய்ப் பல் எல்லாம் சூடாக இருக்கும்போதே உள்ளங்கையில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு பிடிக்க வேண்டும். மழையில் பொரி நமுத்துவிடும் என்பதால் பிடித்த வேகத்திலேயே தின்றுவிடுவது எங்கள் வழக்கம். தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு எல்லாரும் மாடியேறி மேற்கே பார்ப்போம். 2,668 அடி மலை, இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மேகம் இல்லையென்றால் கண்ணுக்கு எதிரே சுடர் தெரியும். மேகம் இருந்தால் கீழே இறங்கி டிவியில் பார்த்துவிட்டு, மறுபடி மாடியேறி, மலை இருக்கும் திசையைப் பார்த்து அரோகரா சொல்வோம். அதற்கப்புறம்தான் வாசலில் விளக்கு, விரதம் இருந்தவர்களுக்குச் சாப்பாடு.

இவ்வளவு பலகாரக் கதை சொன்ன பிறகு ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு மாதமும் எங்கள் ஊர்க்காரன் மனசாரச் சாப்பிடுவது வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஆடிப் பட்டத்தில் விதைத்தது ஐப்பசியில் செடியோடு வரும். ஆய்ந்து, சேறு போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசி, கல்லுப்புப் போட்டு, குண்டான் நிறைய வேகவைத்தால் போதும். வெளியே மழை. திண்ணையில் முறத்தைச் சுற்றி உட்கார்ந்தால் சூட்டில் விரல் நுனி சிவக்கும். கட்டை விரலால் அழுத்தினால் முதலில் உப்புத் தண்ணீர் முகத்தில் பீய்ச்சும், பிறகு ஓடு திறக்கும். முற்றாத பிஞ்சை ஓட்டோடு மெல்லலாம். பொக்கு வந்தால் அடுத்தவன் பக்கம் தள்ளலாம். இதற்குப் பஞ்சாங்கம் இல்லை, பதம் இல்லை, 21 கணக்கு இல்லை. சமைத்ததற்காக யாரும் யாரையும் பாராட்ட வேண்டியதில்லை என்பது இன்னும் பெரிய வசதி. தட்டில் வைத்து எதிர்வீட்டுக்கு அனுப்பும் அந்தஸ்து மட்டும் அதற்குக் கிடையாது. என் தீர்ப்பைக் கேட்டால், அதிரசம் சாமிக்கு, மல்லாட்டை நமக்கு.

ஐப்பசியில் எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வராதீர்கள். வழியில் பச்சை மல்லாட்டை கிடைத்தால் ஒரு பை வாங்கி வாருங்கள். உப்பும் அடுப்பும் எங்களுடையது. அதிரசம் சுட்டே தீருவேன் என்கிறவர்கள் தீபாவளிக்கு நாலு நாள் முன்பே அரிசியை ஊறவைத்து மில்லுக்குப் போய்விடுங்கள். முந்தின நாள் போனால் மிளகாய்க்குப் பின்னால்தான் இடம் கிடைக்கும்.