அருவிக்கரையில் ஒரு சாக்குப்பை

மேற்கே மலைமேல் மேகம் இறங்கி, செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் வந்து தென்காசிக் கோபுரத்தை நனைத்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று விசாரிப்பதில்லை, "தண்ணி விழுதா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லும் பெருமைக்காகவே நான் எண்பதுகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தேன் என்றால், இன்று அதே திட்டத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு குற்றாலப் பேரருவிக்கரையில் குப்பை பொறுக்கும் பிள்ளைகள் நம்பப் போவதில்லை. காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய திட்டம் அது. ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும்; அதில் எத்தனை மணி நேரம் அருவிக்கு அடியில் கழிந்தது என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது முழக்கம். குப்பை உனக்காக, குளியல் எனக்காக என்று நாங்கள் பங்கு பிரித்துக்கொண்டோம்.

தென்னை விளக்குமாறும் சாக்குப்பையும்தான் ஆயுதம். சீயக்காய் மடித்த செய்தித்தாள், வாழையிலைக் கிழிசல், மாங்கொட்டை, பலாச்சுளைச் சக்கை. கூட்டிக் குவித்துத் தீ வைத்தால் ஊர் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் வந்தது பாக்கெட் ஷாம்பூ. கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் குட்டிப் பைக்குள் அடைத்துக் காட்டிய வித்தை. ஏழைக்கும் ஷாம்பூ என்று நாடே மெச்சியது, நாங்களும் நுரை பொங்கப் பொங்க மெச்சினோம். சில சீசன்களுக்குள் ஐந்தருவிப் பாறை இடுக்கெல்லாம் அதன் தோல்தான். எரித்தால் நாறியது, விட்டால் ஆற்றோடு போனது.

எண்ணெய்க் குளியலைச் சொல்லாமல் குற்றாலத்தைச் சொல்ல முடியாது. உச்சந்தலையில் நல்லெண்ணெயை வைத்து, தாளம் தவறாமல் தட்டி, முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்போல உருவிவிடும் அண்ணாச்சிகள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அருவிக்குள் தலையைக் கொடுத்து, அது முதுகில் அறைகிற அறையை வாங்கிக்கொண்டு, நடுங்கும் உடம்போடு பிரானூர் பார்டருக்குப் போய்ச் சூடான பரோட்டாவில் சால்னாவை ஊற்றிப் பிசைந்தால், தேர்வாவது தோல்வியாவது! உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பின்னாளில் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ எல்லாவற்றுக்கும் தடை போட்டது. சரியான தீர்ப்புதான். என் தலைதான் இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறது.

2019 பிறந்த அன்று பிளாஸ்டிக் தடை வந்தது. அதே ஆண்டு நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. மனுவோடு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிய ஊருக்கு இப்போது சொந்தமாகக் கலெக்டர் இருக்கிறார். இன்றைய தொண்டுப் பிள்ளைகளுக்குக் கையுறை, முகக்கவசம், பேனர், மக்குவதற்கொரு பை, மக்காததற்கொரு பை. எங்களைவிட ஒழுங்காகவே வேலை செய்கிறார்கள். நாங்கள் எரித்ததை இவர்கள் பிரிக்கிறார்கள். வேலை முடிந்ததும் அருவியில் பாய்வார்கள் என்று காத்திருந்தேன். அவர்களோ அருவியை முதுகுக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, நனையாமல் பஸ் ஏறிவிட்டார்கள்.

இங்கே விழும் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசியைத் தொட்டுக்கொண்டு ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. வழிநெடுக அதை நம்பி வயலும் வீடும் இருக்கின்றன. வருகிற சீசனுக்கு அவசியம் வாருங்கள், அண்ணாச்சி. எண்ணெயை மட்டும் வீட்டிலேயே தேய்த்து முழுகிவிட்டு வாருங்கள்.